விலை ஏறும்போது ரப்பர் தை (கன்று) நடுகிறோம், பால் வரும்போது விலை இல்லை. தப்பு யார் மேல்?

குலசேகரம்_ரப்பர்:

ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் கேள்வி. ரப்பர்க்காரர்கள் மட்டும் இல்லை, வேறு தொழிலில் இருப்பவர்களும் பதில் சொன்னால் நல்லது.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இரண்டரை ஏக்கர். அதில் ஒன்றரை ஏக்கரில் 2011 வரை தென்னையும் மரச்சீனியும்தான் (மரவள்ளி). அந்த வருஷம் ஏப்ரலில் ஆர்.எஸ்.எஸ்.4 ஷீட் (புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டில் ஒரு தரம்) கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. காயலான் கடைக்காரர் வரைக்கும் ஒட்டுப்பால் (பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர்) விலையை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அப்பா தென்னையைச் சாய்த்துவிட்டு ரப்பர் தை வைத்தார். ரப்பருக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். 2018இல் பால் எடுக்கப் பட்டையில் முதல் வெட்டு. சிரட்டையில் பால் சொட்டிய அன்று அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டாள். அன்றைய விலை 120, 130. நடுவில் 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போய்விட்டு வந்த விலை அது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

மீதி ஒரு ஏக்கரில் தாத்தா காலத்து மரம். பால் குறைந்துபோனதால் 2022இல் வெட்டித் தடிக்கு (மரக்கட்டைக்கு) விற்றோம். மறுபடி ரப்பர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரம்புட்டானில் நன்றாகச் சம்பாதித்தார், நானும் ரம்புட்டான் வைத்தேன். 2024 ஆகஸ்டில் ரப்பர் மறுபடியும் 240ஐத் தாண்டியது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ரம்புட்டானை அப்படியே விடுவதா, பிடுங்கிவிட்டு ரப்பர் நடுவதா என்றும் தெரியவில்லை.

அப்பா முட்டாள் இல்லை. நானும் இல்லை என்று நம்புகிறேன். இரண்டு பேருமே விலையைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். "இது வேண்டும், இது வேண்டாம்" என்று சந்தை சொல்வதே விலை வழியாகத்தானே? அதைக் காது கொடுத்துக் கேட்டவனே ஏன் குழியில் விழுகிறான்?


தோவாளை_பூக்கடை:

அண்ணே, உங்கள் ஏழு வருஷம் எங்களுக்கு ஏழு மணி நேரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

விடியற்காலையில் பிச்சிப்பூவுக்கு ஆள் மோதினால் விலை ஏறும். ஏறின செய்தி போனில் போகும். மதுரை, சங்கரன்கோவில் பக்கமிருந்து அடுத்த லோடு வந்து இறங்கும். மறுநாள் விலை தானாக இறங்கிவிடும். ஓணத்துக்கு முந்தின நாலு நாள் மட்டும் இந்தக் கணக்கு நிற்காது, கேரளாக்காரர்கள் கேட்கிற அளவுக்குப் பூ எங்கேயும் இருக்காது. மற்ற நாளில் தப்புக் கணக்குப் போட்டாலும் ஒரு நாள் நஷ்டம். வாடின பூவைக் கொட்டிவிட்டு மறுநாள் புதுசாக ஆரம்பிக்கலாம். நீங்கள் வாடின ஏழு வருஷத்தை எங்கே கொட்டுவீர்கள்?


மின்பணி_தக்கலை:

இது சந்தை சமாசாரம் மட்டும் இல்லை. நான் பார்க்கிற வேலையில் தினமும் இருப்பது.

போன மாதம் ஒரு வீட்டில் ஆட்டோ கட் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். போய்ப் பார்த்தால் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. நிமிஷத்துக்கு மூன்று தடவை. கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) முனை கருகிப்போய் வாடை அடிக்கிறது. முன்னால் வேலை பார்த்தவர் மேல் சென்சாரையும் கீழ் சென்சாரையும் நாலு விரல்கடை இடைவெளியில் கட்டியிருக்கிறார். கீழே யாராவது கை கழுவினால்கூட "தண்ணீர் குறைந்தது" என்று மோட்டாருக்குச் செய்தி போகும். மோட்டார் ஓடினால் தொட்டித் தண்ணீர் அலையடிக்கும். அலை மேல் சென்சாரைத் தொட்டதும் "நிறைந்தது". உடனே நிற்கும்.

தாமதம் அதிகமானால் அண்ணனுக்கு வந்த கஷ்டம். தாமதமே இல்லாமல் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் பதில் சொன்னால் அந்த மோட்டாருக்கு வந்த கஷ்டம்.


கணக்கு_டீச்சர்:

மின்பணித் தம்பி சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு நாற்பது நிமிஷம் ஆகும்.

ஒரு அமைப்பிலிருந்து வெளியே வருவது திரும்பவும் அதற்குள்ளேயே போய் அடுத்த வேலையைத் தீர்மானித்தால் அது பின்னூட்டம். (இதே வார்த்தையை நாம் இணையத்தில் கருத்து எழுதுவதற்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் பொருத்தம்தான். இந்த இழையில் நாலு பேர் சூடாக எழுதினால் ஐந்தாவது ஆள் இன்னும் சூடாக எழுதுவார்.) நேர் பின்னூட்டம், எதிர் பின்னூட்டம் என்று பாடத்தில் வரும். பிள்ளைகள் நேர் என்றால் நல்லது, எதிர் என்றால் கெட்டது என்று எழுதி மார்க்கை விடும். உண்மையில் எதிர் பின்னூட்டம்தான் நம்மைக் காப்பாற்றுவது. வெயிலில் வியர்வை வந்து உடம்பைக் குளிர்விக்கிறதே, அது. நேர் பின்னூட்டம் என்பது மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கோயில் திருவிழாவில் காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது. நான் வகுப்பில் 'இழுத்துப்பிடிப்பது', 'ஏற்றிவிடுவது' என்றுதான் சொல்வேன்.

இதில் சங்கடம் என்னவென்றால், இழுத்துப்பிடிக்கிற கயிறுகூட நேரம் தப்பினால் ஆட்டிவைத்துவிடும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்கு ஒரு கருவி பொருத்தினார். சுழலும் தண்டில் இரண்டு உலோகக் குண்டு. எஞ்சின் வேகமானால் குண்டுகள் விரிந்து மேலே ஏறும், ஏறினால் நீராவி வால்வு மூடும். வேகம் குறைந்தால் குண்டு இறங்கும், வால்வு திறக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் பின்னால் வந்த சில எஞ்சின்களில் வேகம் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது. எப்போது ஆட்டம் அடங்கும், எப்போது கூடிக்கொண்டே போகும் என்பதற்கு 1868இல் மேக்ஸ்வெல் என்ற இயற்பியல் அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

குலசேகரம் தம்பி, உங்கள் அப்பா அந்த வால்வு. குண்டு ஏறின செய்தி அவர் கைக்கு வந்து, வேலை முடிய ஏழு வருஷம்.


கோட்டயம்_விலை:

எல்லாவற்றையும் சுழற்சி சுழற்சி என்று சொல்லிச் சுற்றிவிடாதீர்கள். முப்பது வருஷமாக ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன் சொல்கிறேன். 2011க்கு அப்புறம் விலை விழுந்ததற்குக் காரணம் குலசேகரத்தில் யாரோ தென்னையை வெட்டினதா? சீனாவில் வாங்குவது குறைந்தது. 2014 கடைசியில் கச்சா எண்ணெய் விழுந்ததும் செயற்கை ரப்பர் மலிவானது, டயர் கம்பெனிகளின் கை அந்தப் பக்கம் நீண்டது. இறக்குமதி வந்து குவிந்தது. 2015இல் வரியை 25 சதவீதமாக ஏற்றினார்கள். அதிலும் "அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது" என்று ஒரு வால். விவசாயி ஏமாந்தது கொள்கையால். எஞ்சின் குண்டால் இல்லை.


குலசேகரம்_ரப்பர்:

அண்ணாச்சி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று. அப்பா நட்ட அதே காலத்தில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் நட்டார்களே. அவர்களும் அதே விலையைப் பார்த்துத்தானே நட்டார்கள்? எண்ணெய் விலை மட்டும் காரணம் என்றால், அத்தனை மரமும் ஒரே நேரத்தில் பால் தர ஆரம்பித்தது கணக்கில் வராதா?


கோட்டயம்_விலை:

வரும். அதுவும் ஒன்று என்று எழுது மக்கா, அதுதான் எல்லாம் என்று எழுதாதே.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உன் கட்சிக்கு உதவும். விலை விழுந்தபோது நம்ம பக்கம் என்ன நடந்தது? ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைச் சிறு தோட்டக்காரர்கள் தினம் வெட்டினார்கள். பழைய வருமானம் வர வேண்டுமே, கடன் தவணை இருக்கிறதே. எல்லாரும் அப்படி வெட்டினால் சரக்கு கூடுமா குறையுமா? விலை இன்னும் விழும். இன்னும் வெட்டு. கடைசியில் பட்டை வறண்டு, கத்தி போட்டாலும் பால் கசியாத மரமாக நிற்கும். பெரிய எஸ்டேட்காரன் வெட்டையே நிறுத்தினான். வெட்டுக்காரர்கள் கொத்தனார் கையாளாகவும் கேரளாவில் வேறு கூலிக்கும் போனார்கள். 2024இல் விலை ஏறினபோது பால் எடுக்க ஆள் எங்கே? பாதிக்குப் பாதி பங்கு தருகிறேன் என்று கூப்பிட்டும் வரவில்லை. மழை நாளிலும் வெட்டுவதற்காகப் பிளாஸ்டிக் கட்டுவோமே, அது கட்டாத மரம் எத்தனை நின்றது என்று நீயே பார்த்திருப்பாய்.


கடைவரம்பு:

எங்கள் வயலுக்கு வாருங்கள். அனந்தனார் கால்வாயின் கடைசிக் கிளையில் இருக்கிறோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணை வந்து, அங்கிருந்து கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, எல்லாருடைய வயலும் குடித்தது போகத்தான் எங்களுக்கு.

சில வருஷம் முன்னால் கன்னிப்பூ (முதல் போக நெல்) நடவு முடிந்த நேரம். "இந்தத் தடவை கடைவரம்புக்கு வெள்ளம் வராதாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. (எங்கள் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். கடைவரம்பு என்பது கால்வாயின் கடைசியில் உள்ள வயல்.) யார் கிளப்பினது என்று தெரியாது. அன்றைக்குத் தண்ணீர் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மேலே உள்ளவர்கள் காதுக்கு அந்தப் பேச்சு போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரி மடையை மூடாமல் விட்டார்கள். மூன்றாம் நாள் எங்களுக்கு நிஜமாகவே வரவில்லை. பொய்யாகக் கிளம்பின பேச்சு, அது கிளம்பின காரணத்தாலேயே உண்மையானது.

நாங்கள் சும்மா இருப்போமா? மனு, போன், சாலையில் உட்கார்ந்தோம். அங்கே ஷட்டரை இன்னும் தூக்கினார்கள். மேலே தூக்கின தண்ணீர் எங்கள் வயலைத் தொட நாலு நாள் ஆகும். நாங்கள் இரண்டாம் நாளே "இன்னும் வரவில்லை" என்று மறுபடியும் கத்தினோம். மறுபடியும் தூக்கினார்கள். நாலாம் நாள் ராத்திரி மழை பிடித்தது. மழைத் தண்ணீர், முதல் தடவை தூக்கின தண்ணீர், இரண்டாம் தடவை தூக்கின தண்ணீர், எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. விடியும்போது கரை உடைந்து என் தம்பி வயலில் மணல் மூடிக் கிடந்தது. நாற்று நுனிகூடத் தெரியவில்லை. வரப்பில் நின்று எல்லாரும் ஷட்டர்காரரைத் திட்டினோம். நானும் திட்டினேன். அவர் எங்கள் பேச்சைக் கேட்டதுதான் தப்பு என்று பிறகு ராத்திரி படுத்திருக்கும்போது தோன்றியது.

பேச்சிப்பாறையைக் கட்டிய மிஞ்சின் துரையை, மூக்கன் துரை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் மரியாதையாகச் சொல்வார்கள். 1906இல் முடிந்த அணை. ஆனால் அணைக்கும் முந்தினது எங்கள் குளங்கள். கால்வாய்க்கும் வயலுக்கும் நடுவில் ஒரு குளம் நிறைந்து கிடந்தால் நாலு நாள் தண்ணீர் வராவிட்டாலும் யாரும் கத்தமாட்டார்கள். கூடுதலாக வந்தாலும் குளம் வாங்கிக்கொள்ளும். எங்கள் கிளையில் இருந்த குளத்தில் பாதி இப்போது தூர்ந்து, மீதிப் பாதியில் ஆகாயத்தாமரை.


மின்பணி_தக்கலை:

குளம்தான் அந்த சென்சார் இடைவெளி! இதைத்தான் சொல்ல வந்தேன், வார்த்தை கிடைக்கவில்லை.


கடலோரம்:

விவசாயிகள் பேசி முடித்தாயிற்றா? கடற்கரைப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள ஊரில் தூண்டில் வளைவு போட்டார்கள். பாறாங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் கொக்கி மாதிரி நீட்டுவது. கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை, நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டே போகும், கொண்டுவந்து போட்டுக்கொண்டும் இருக்கும். குறுக்கே கல் நின்றால் ஒரு பக்கம் மணல் தங்கும், மறுபக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. அந்த ஊரில் இரண்டு வருஷத்தில் கரை அகலமானது. படகு ஏற்றி வைக்க இடம், பிள்ளைகள் பந்து விளையாட இடம். அவர்களைப் பொறுத்தவரை திட்டம் வெற்றி. எங்கள் ஊரில் ஆனி ஆடிக் கடலில் முதல் வரிசை வீடுகளின் திண்ணை போனது. அடுத்த வருஷம் சுவர். நாங்கள் என்ன கேட்டோம்? எங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்றோம். போட்டார்கள். இப்போது எங்களுக்குக் கிழக்கே உள்ள ஊர் மனுவோடு நிற்கிறது.

குலசேகரம் அண்ணனுக்குச் செய்தி தாமதமாக வருகிறது. எங்களுக்கு வரும் செய்தியில் விலாசமே தப்பு. கல் போட்ட ஊருக்கு நல்ல செய்தி, அதற்கான கெட்ட செய்தி பக்கத்து ஊருக்கு. கல் போட்டவர் வாசலுக்கு அது வரவே வராது. பிறகு அவர் எதைப் பார்த்துத் திருந்துவார்?


தோவாளை_பூக்கடை:

அப்படியானால் கல்லே போடக்கூடாதா? வீடு போகும்போது நீரோட்டக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?


கடலோரம்:

முடியாது. நானும்தானே மனுவில் கையெழுத்துப் போட்டேன். என் வீடு மூன்றாவது வரிசை. ஊர் ஊராகத் தனித்தனியாக முடிவெடுக்காமல், மணல் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறதோ அந்த நீளம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. மனு எழுதும்போது அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். "அதெல்லாம் எழுதினால் நமக்குக் கல் வராது" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

இன்னொரு விஷயம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்னாலேயே போயிருந்தன. வாரக்கணக்கில் கடலில் தங்கும் ஆட்கள். கரையில் எச்சரிக்கை கொடுத்தபோது அவர்கள் எந்த போனுக்கும் எட்டாத தூரத்தில். செய்தி இருந்தது, கேட்க வேண்டியவன் காதுக்குப் போகவில்லை. எத்தனை வீட்டில் இன்றும் அந்தத் தேதியில் விளக்கு எரிகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு அப்புறம் என்ன ஆனது? எச்சரிக்கைகள் கூடின. கூடியதில் தப்பில்லை. ஆனால் கடலுக்குப் போகாதே என்று சொன்ன நாளில் கடல் குளம் மாதிரிக் கிடந்தால், அன்றைய வருமானம் போனவன் மனசில் ஒன்று பதியும். மூன்று தடவை அப்படி ஆனால் நாலாவது எச்சரிக்கை அவன் காதில் ஏறாது. புலி வருது கதைதான். நம்மைக் காப்பாற்ற வந்த குரலே ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்காமலிருக்கப் பழக்கிவிடுகிறது. போதாததற்குக் கள்ளக்கடல் வேறு. இங்கே காற்று அசையாது, வானம் தெளிந்திருக்கும், அலை மட்டும் திடீரென்று ஏறி வரும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சில நாள் முன்னால் அடித்த காற்றின் அலை அது. கண்ணால் பார்த்துக் கடலைக் கணித்தே பழகிய நமக்குக் கண்ணே பொய் சொல்கிற இடம்.


இரவுப்பணி:

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்களிடம் மாதாமாதம் சுகர் பார்க்க வரும் ஒரு பெரியவர். வெறும் வயிற்றுச் சோதனை எப்போதும் அழகாக இருக்கும். டாக்டர் பாராட்டுவார், மாத்திரை அதே அளவில் ஓடும். காலில் புண் மட்டும் ஆறவே இல்லை. ஒருநாள் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மோளே, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முந்தின ரெண்டு நாள் மரச்சீனி பக்கமே போகமாட்டாரு. வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் ஒரு சட்டி மரச்சீனியும் சாளைக் கறியும்" என்றார். அவருக்கு டாக்டரின் முகம் மலர வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு ஹெச்பிஏ1சி எடுத்தார்கள். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஏறின சர்க்கரை இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். இரண்டு நாள் பத்தியம் அங்கே எடுபடாது. எண் வந்ததும் பெரியவர் மனைவியைத்தான் முதலில் முறைத்தார்.


கணக்கு_டீச்சர்:

இரவுப்பணி, இது எங்கள் பள்ளிக்கூடக் கதையேதான். தேர்ச்சி விகிதம் என்பது பிள்ளைகள் படித்தார்களா என்று தெரிந்துகொள்ள வைத்த அளவுகோல். அதையே குறிக்கோளாக்கினால் என்ன ஆகும்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் சுமாராகப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு நயமாகப் பேசுவார்கள். ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளியில் இருக்கும். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு. அதைப் பார்த்து அடுத்த வருஷம் சேர்க்கைக்குக் கூட்டம். பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம் ஓட்டின பள்ளிகளும் உண்டு. அதற்காகத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்.

குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது இதையே சொன்னார். ஒரு கணக்கைப் பிடித்து ஆட்களைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தால் அந்தக் கணக்கு உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும்.


மும்பை_நாஞ்சிலான்:

ஊரை விட்டு வந்து பதினெட்டு வருஷம், மரச்சீனியும் சாளையும் என்று படித்ததும் பசிக்கிறது.

பங்குச் சந்தையிலும் இதுவே. 1987 அக்டோபர் 19, அமெரிக்க டவ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. விலை விழுந்தால் விற்றுவிடு என்று பல பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனமான பாதுகாப்பு. எல்லாரும் சேர்ந்து விற்றதில் இன்னும் விழுந்தது, விழுந்ததால் இன்னும் விற்றார்கள். கோட்டயம் அண்ணாச்சி சொன்ன தினவெட்டுதான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு.

போன லீவில் ஊருக்கு வந்தபோது விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் போட்டிருக்கும் கண்ணாடிப் பாலத்தில் நடந்தேன். 77 மீட்டர். மனைவி கீழே கடலைப் பார்த்துப் பயந்தாள். எனக்குப் பயம் வேறு. லண்டனில் 2000 ஜூன் 10 அன்று தேம்ஸ் மேல் ஒரு நடைபாலம் திறந்தார்கள். கூட்டம் ஏறினதும் பாலம் பக்கவாட்டில் லேசாக ஆடியது. ஆடும் பாலத்தில் விழாமலிருக்க ஜனங்கள் தங்களை அறியாமலே அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி அடியெடுத்து வைத்தார்கள். அது ஆட்டத்தை இன்னும் ஏற்றிவிட்டது. இரண்டே நாளில் மூடி, அதிர்வை உறிஞ்சும் கருவிகள் பொருத்தி, 2002இல்தான் திரும்பத் திறந்தார்கள். நம்ம பாலம் ஆடவில்லை, கவலை வேண்டாம். நான்தான் எல்லாரும் ஒரே மாதிரி அடி வைக்கிறார்களா என்று காலையே பார்த்துக்கொண்டு வந்து, வள்ளுவரைச் சரியாகப் பார்க்கவில்லை.


கோட்டயம்_விலை:

பாலம், பங்குச் சந்தை எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பையன் கேட்டது என்ன? அந்த ஒரு ஏக்கரில் ரம்புட்டானை வைத்திருப்பதா, பிடுங்கிவிட்டு ரப்பர் நடுவதா? அதற்கு யாராவது பதில் சொன்னீர்களா?


கடைவரம்பு:

நான் சொல்கிறேன். விலையைப் பார்த்து முடிவெடுக்காதே தம்பி. விலை என்பது, மேலே ஷட்டர் இருக்கிற இடத்தின் செய்தி. கால்வாயில் ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் நாங்கள் கத்தினது போதும். உன் கால்வாயில் என்ன வருகிறது என்று பார்.


குலசேகரம்_ரப்பர்:

கடைவரம்பு அண்ணன் எழுதினதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ரப்பரில் 'கால்வாயில் வந்துகொண்டிருக்கும் தண்ணீர்' எது? நட்டு இன்னும் வெட்டுக்கு வராத மரம்தானே. இன்றைக்கு எத்தனை தை மண்ணுக்குள் போகிறதோ அதுதான் ஏழு வருஷம் கழித்து எனக்கு விலை சொல்லப்போகிறது. அது டீக்கடையில் தெரியாது. நாற்றுப் பண்ணையில் தெரியும். அப்பா 2011இல் அங்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்... சரி, அதைப் பேசி என்ன.

இன்று காலை பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று பண்ணைக்குப் போனேன். முதல் இடத்தில் ஒட்டுத் தை இல்லை, எல்லாம் புக் ஆகிவிட்டதாம், அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றார். இரண்டாவது இடத்தில் விலை போன வருஷத்தைவிட நன்றாகவே கூட. மூன்றாவது பண்ணைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். பிளாஸ்டிக் கூடையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். "உங்க அப்பா வந்த வருஷமும் இப்படித்தான் தட்டுப்பாடு" என்று அவராகவே சொன்னார். நான் ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி, "அப்படியானால் ஏழு வருஷம் கழித்து விலை இருக்காது, இல்லையா?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பின்பக்கம் கையைக் காட்டினார். போன வருஷம் வரை வாழை நின்ற இடத்தை வெட்டித் தள்ளிப் புதிதாக நாற்றுப் பாத்தி போட்டிருக்கிறார். இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

"தை கேட்டு இத்தனை பேர் வாறாங்கல்லா" என்றார்.

ரம்புட்டான் அப்படியே நிற்கட்டும். வெட்டுக்கு நிற்கும் ஒன்றரை ஏக்கரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டப்போகிறேன், விலை என்ன ஆனாலும். மின்பணி அண்ணே, எங்கள் வீட்டு மோட்டாரும் அதே மாதிரி டக் டக் என்கிறது. சென்சாருக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?


மின்பணி_தக்கலை:

தொட்டி உயரம் எவ்வளவு?


குலசேகரம்_ரப்பர்:

நாலு அடி.


மின்பணி_தக்கலை:

இரண்டு அடி விடுங்கள். கான்டாக்டர் முனையையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டு.